மன்னன் முகம் இல்லாத செப்புக் காசுகள்: பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தனியார் நாணயம் பற்றிய ஒரு பழைய வினா

வினாவின் தோற்றம்

நாணயம் அடிக்கும் உரிமை அரசனுக்கே உரியது என்ற நியதியை ஏறக்குறைய எல்லாத் தேசங்களும் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கின்றன. மன்னனுடைய முகமோ முத்திரையோ இல்லாத உலோகத் துண்டு, எடையில் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், காசு என்ற பெயருக்கு உரியதாகாது என்பது சாமானிய மனிதனுடைய மனத்திலும் ஊறிப்போன எண்ணம். அப்படியிருக்க, லண்டன் கோட்டைக்குள்ளேயே அரசாங்கத்தின் நாணயசாலை இருந்த ஒரு ராஜ்யத்தில், 1787ஆம் ஆண்டு முதல் 1797ஆம் ஆண்டு வரையில், சுரங்க முதலாளிகளும் இரும்பாலைக்காரர்களும் ஜவுளி வியாபாரிகளும் மளிகைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தங்கள் தங்கள் பெயரைப் பொறித்து வெளியிட்ட செப்புக் காசுகள் ஜனங்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் தாராளமாகப் புழங்கின. இவற்றை ஆங்கிலேயர் ‘டோக்கன்’ என்றார்கள். அடையாளக் காசு என்று நாம் சொல்லலாம்.

இக்காசுகள் எதனால் தோன்றின, சட்டத்தின் பலம் சிறிதும் இல்லாத அவற்றை மக்கள் எந்த நம்பிக்கையில் வாங்கினார்கள், பத்தே ஆண்டுகளில் அவை ஏன் பின்வாங்கின என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. கடந்த இருநூறு ஆண்டுகளில் அரசியல் சிந்தனையாளரும் பொருளாதார நூலோரும் நாணயச் சேகரிப்பாளரும் இவற்றுக்குப் பல விடைகள் கூறியிருக்கிறார்கள். ஒவ்வொரு விடைக்குள்ளும் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அநேகமாக ஒவ்வொன்றும் தனக்குப் பிரியமான ஒரு காரணத்தையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

சில்லறை இல்லாத ராஜ்யம்

அக்காலத்து இங்கிலாந்தின் நாணய நிலைமையை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். 1717இல், ஸர் ஐசக் நியூட்டன் நாணயசாலையின் தலைவராக இருந்தபோது, கினி என்ற பொற்காசின் மதிப்பு 21 ஷில்லிங் என்று நிர்ணயிக்கப்பட்டது. உலகச் சந்தையில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் இருந்த விகிதத்தோடு ஒப்பிட்டால் இந்த நிர்ணயம் பொன்னுக்குச் சாதகமாகவும் வெள்ளிக்குப் பாதகமாகவும் அமைந்துவிட்டபடியால், எடை குறையாத வெள்ளிக் காசுகளெல்லாம் உருக்கப்பட்டுக் கடல் கடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்துக்காக ஆசியாவுக்குச் சென்ற வெள்ளியும் அதில் சேரும். நாட்டில் எஞ்சியவை முகம் தேய்ந்து தகடாய்ப்போன பழைய ஷில்லிங்குகள். வழக்கமாகக் கிடைத்த பொற்காசுகளில் சிறியது அரைக் கினி. வாரத்துக்கு எட்டோ பத்தோ ஷில்லிங் சம்பாதிக்கும் கூலிக்காரனுக்கு அதுவே ஒரு வாரக் கூலிக்கு மேற்பட்ட தொகை. ஆகவே ரொட்டியும் பாலும் மெழுகுவத்தியும் வாங்கும் ஏழைக்குச் செம்பைத் தவிர வேறு பணமே கிடையாது என்று சொல்லும்படியான நிலை.

அந்தச் செம்போ அரசாங்கத்தின் கவனத்துக்கு மிகத் தொலைவில் இருந்தது. நாணயசாலையினர் பொன்னையும் வெள்ளியையும் தங்கள் கௌரவத்துக்கு உரிய தொழிலாகக் கருதினார்களே ஒழியச் செப்புக் காசு அடிப்பதை ஓர் உபரி வேலையாகவே எண்ணினார்கள். 1770 முதல் 1775 வரை கொஞ்சம் அரைப் பென்னிகளும் கால் பென்னிகளும் அடிக்கப்பட்டன. அதன் பிறகு அந்த வேலையும் நின்றது. நின்றதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஒரு ராத்தல் செம்பிலிருந்து 46 அரைப் பென்னிகள் அடிக்கப்பட்டன. கள்ளக் காசுக்காரர்களோ அந்த நல்ல காசுகளையே வாங்கி உருக்கி, அதே ராத்தலிலிருந்து அதைவிட மிகுதியான மெல்லிய காசுகளை எடுத்தார்கள். நல்ல காசு வெளியே போகப்போகக் கள்ளக் காசுக்குத்தான் மூலப்பொருள் பெருகியது. 1771இல் செப்புக் காசைப் போலியாகச் செய்வோருக்குத் தண்டனை கடுமையாக்கப்பட்டும் பயன் சொற்பமே. 1787இல் நாணயசாலை அதிகாரிகள் புழக்கத்திலிருந்த அரைப் பென்னிகளைச் சோதித்தபோது, அரசாங்கக் காசை ஓரளவேனும் ஒத்திருந்தவை நூற்றுக்கு எட்டுத்தான். மற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவை காசு என்ற பெயருக்கே தகுதியற்றவை.

இந்தக் குப்பையைச் சுமந்தவர்கள் யார் என்பதுதான் இவ்விஷயத்தில் நெஞ்சைத் தொடும் செய்தி. பெரிய வியாபாரி செப்பை வாங்க மறுக்கலாம். சிறு தொகைக்கு மேல் அதை ஏற்கும்படி சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கூலியாகப் பெற்றதை மறுக்கும் சுதந்திரம் நெசவாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் இருக்கவில்லை. பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டன் 1789இல் எழுதிய ஒரு கடிதத்தில், சுங்கச் சாவடிகளில் தமக்குக் கிடைக்கும் சில்லறையில் மூன்றில் இரண்டு பங்கு கள்ளக் காசு என்றும், கீழ்த்தர உற்பத்தியாளர் சிலர் 36 ஷில்லிங் முகமதிப்புள்ள கள்ளச் செப்பை 20 ஷில்லிங்குக்கு வாங்கி அதையே கூலியாகக் கொடுக்கிறார்கள் என்றும் குறிப்பிட்டார். தொழிலாளி உழைத்துப் பெற்ற கூலியை இவ்வாறு காசின் வழியாகவே பிடுங்கிக்கொள்ளும் அநீதியைக் கருதாமல் அடையாளக் காசின் சரித்திரத்தை எழுத இயலாது.

ஆங்கிள்ஸீத் தீவின் பென்னி

வேல்ஸ் நாட்டை அடுத்த ஆங்கிள்ஸீத் தீவில், பிரெஞ்சுத் தலைநகரோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத பாரிஸ் என்ற மலையில், 1768ஆம் ஆண்டு மேல்மட்டத்திலேயே பெருந்திரளான செம்புத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கறிஞராக இருந்த தாமஸ் வில்லியம்ஸ் அந்தச் சுரங்கங்களின் வழக்கை நடத்தப் புகுந்து, பிறகு அவற்றின் நிர்வாகத்தையே கைக்கொண்டு, நாளடைவில் பிரிட்டிஷ் செம்பு வியாபாரத்துக்கே அதிபதியாகிச் செம்பரசர் என்று பெயர் பெற்றார். 1787இல் அவருடைய பாரிஸ் சுரங்கக் கம்பெனி ஒரு பென்னிக் காசை வெளியிட்டது. ஒரு புறம் ஓக் மர இலைகளின் வளையத்துக்குள் முக்காடிட்ட ஒரு துரூயிதுப் புரோகிதரின் தலை. ரோமானியப் படையை எதிர்த்து அப்புரோகிதர்கள் நின்ற தீவு ஆங்கிள்ஸீ என்ற பழைய நினைவு அந்த உருவத்துக்குக் காரணம். மறுபுறம் கம்பெனியின் பெயரெழுத்துகளும், காசைக் கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்குறுதியும் காணப்பட்டன. காசின் விளிம்பிலே, கேட்டபோது லண்டனிலோ லிவர்ப்பூலிலோ ஆங்கிள்ஸீயிலோ பணம் தரப்படும் என்று பொறிக்கப்பட்டிருந்தது.

ஒரு பென்னியின் எடை ஏறக்குறைய ஓர் அவுன்ஸ். அதாவது ராத்தலுக்குப் பதினாறு. அரசாங்கத்தின் கணக்குப்படி அரைப் பென்னிகள் 46 என்றால் பென்னிக்கு 23 ஆகும். தனியாருடைய காசில் அரசனுடைய காசைவிடச் செம்பு அதிகமாக இருந்தது என்பதை இது விளக்கும். இந்தப் பென்னிகளில் 250 டன்னும் அரைப் பென்னிகளில் 50 டன்னும் அடிக்கப்பட்டதாகப் பழைய பட்டியல்கள் கூறுகின்றன. அந்த எடையை எண்ணிக்கையாக்கிப் பார்த்தால் பென்னிகள் மட்டுமே 90 லட்சத்தை ஒட்டி வரும். ஒரு சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்க இவ்வளவு காசு வேண்டியதில்லை. அந்தக் காசு தீவைக் கடந்து நாடெங்கும் பரவியது என்பதில் ஐயமில்லை.

அதே ஆண்டில், இரும்புத் தொழிலில் பிரசித்தி பெற்ற ஜான் வில்க்கின்சன், மன்னனுடைய முகம் இருக்கவேண்டிய இடத்தில் தம்முடைய முகத்தையே பக்கவாட்டில் பொறித்து அரைப் பென்னிகளை வெளியிட்டார். பின்னர் கிளாஸ்கோ, சௌதாம்ப்டன், கவென்ட்ரி, பென்ரின் எனப் பட்டணம் பட்டணமாக இவ்வழக்கம் பரவியது. குதிரைமீது செல்லும் பழங்கதை நாயகி கொடைவாவைச் சித்திரித்த 1792ஆம் ஆண்டின் கவென்ட்ரி அரைப் பென்னி, அழகிலே அரசாங்கக் காசு ஒன்றும் நெருங்க முடியாத வேலைப்பாடு.

முதல் விடை: அரசின் அலட்சியம்

அரசு தன் கடமையைச் செய்யாதபோது பிரஜைகள் தாங்களே அதைச் செய்துகொண்டார்கள் என்பது சமகாலத்தவர் கூறிய விடை. லண்டன் காவல்முறையைப் பற்றி 1790களில் விரிவாக எழுதிய நீதிபதி பாட்ரிக் கல்ஹூன், கள்ளக் காசுச் சாலைகளின் பெருக்கத்தைக் கண்டித்து, குற்றத்தின் வேர் அரசின் அசட்டையில் இருப்பதாகக் காட்டினார். இந்த விடைக்கு ஒரு பழைய முன்னுதாரணமும் உண்டு. 1648க்குப் பிறகு உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் இங்கிலாந்தின் ஊர்தோறும் கடைக்காரர்கள் கால் பென்னி டோக்கன்களை வெளியிட்டார்கள். 1672இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் தாமே செப்புக் காசு அடித்துக் கொடுத்துத் தனியார் காசுகளைத் தடை செய்தவுடன் அவை மறைந்துவிட்டன. அரசன் உறங்கினால் வியாபாரி விழிக்கிறான், அரசன் விழித்தால் வியாபாரி விலகுகிறான் என்ற கதை இதனால் மிகவும் வலுவாகத் தோன்றும்.

ஆனால் இக்கதையில் இரண்டு குறைகள் உள்ளன. சில்லறைப் பஞ்சம் 1787இல் தொடங்கியதல்ல. 1775க்கு முன்னும் அது இருந்தது. அலட்சியம் மட்டுமே காரணமென்றால் டோக்கன்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவதாக, சாட்சி சொல்பவர்கள் சுயநலமற்றவர்கள் அல்லர். அமெரிக்க யுத்தத்தின்போது கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்த கடற்படை, யுத்தம் முடிந்த 1783க்குப் பிறகு முன்போலச் செம்பு வாங்கவில்லை. வில்லியம்ஸின் கிடங்குகளில் செம்பு தேங்கியது. போல்ட்டனோ, ஜேம்ஸ் வாட்டோடு சேர்ந்து செய்த நீராவி யந்திரங்களின் வழியாகக் கார்ன்வால் செம்புச் சுரங்கங்களில் பங்குடையவர். இருவருமே ராஜ்யத்தின் நாணயத் திருத்தத்தைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி அரசாங்கத்தை நாடினவர்கள். 1788இல் மன்னருக்கு வந்த நோயும் அதையொட்டிய அரசியல் குழப்பமும் அந்தப் பிரயத்தனத்தைத் தாமதப்படுத்தின. டோக்கன் எழுந்த காலம் செம்பு மலிந்த காலம் என்ற உண்மை இந்த விடையில் மறைந்துபோகிறது. இதனால் போல்ட்டனுடைய வாக்குமூலம் பொய்யாகிவிடாது. எச்சரிக்கையோடு படிக்கவேண்டிய வாக்குமூலம் என்று மட்டும் சொல்லலாம்.

சேகரிப்பாளரின் சாட்சியம்

டோக்கன்களைச் சேகரிப்பது 1794, 1795ஆம் ஆண்டுகளில் ஒரு பெரிய மோகமாகப் பரவியது. சார்லஸ் பை 1795இலும், ஜேம்ஸ் காண்டர் 1798இலும் பட்டியல்கள் வெளியிட்டார்கள். இன்றும் இக்காசுகளைக் காண்டர் டோக்கன்கள் என்று அழைக்கும் வழக்கம் அதனால் வந்தது. டால்ட்டன், ஹாமர் என்ற இருவர் 1910 முதல் வெளியிட்ட பெரும் பட்டியல் இன்றுவரை ஆதார நூலாக நிற்கிறது.

இப்பட்டியல்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது; ஆயினும் அவை தரும் மயக்கமும் பெரிது. சேகரிப்பாளரின் ஆசையைக் கண்ட வேலைக்காரர்கள் ஒரு காசின் முன்புற அச்சையும் இன்னொரு காசின் பின்புற அச்சையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரு நாளும் கடைவீதியைக் காணாத ‘அபூர்வங்களை’ நூற்றுக்கணக்கில் உண்டாக்கினார்கள். தாமஸ் ஸ்பென்ஸ் என்ற புத்தக வியாபாரி தம்முடைய தீவிர அரசியல் கொள்கைகளைப் பரப்பவே பலவித டோக்கன்களை அடித்தார். வகைகளின் தொகையை எண்ணி இவ்வியக்கத்தின் அளவை மதிப்பிடுபவர், துரூயிதுப் பென்னியையும் ஸ்பென்ஸின் துண்டுப்பிரசுரம் போன்ற காசையும் சமமாக எண்ணிவிடுகிறார். வகைகளின் எண்ணிக்கை வேறு, புழக்கத்தின் அளவு வேறு.

ஆலையும் கூலியும்

பொருளாதாரச் சரித்திரத்தை ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்த்த இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் இவ்வினாவை வேறு திசைக்குத் திருப்பினார்கள். டி. எஸ். ஆஷ்டன் முதலியோர், தொழிற்புரட்சியின் முதலாளிகளுக்கு இருந்த பெரும் இடையூறுகளில் ஒன்று ஆட்களுக்கு வாரந்தோறும் கூலி கொடுக்கச் சில்லறை கிடைக்காமை என்று எடுத்துக்காட்டினார்கள். ஸ்டாக்போர்ட் நகரத்துப் பருத்தி முதலாளி சாமுவேல் ஓல்ட்நோ, 1793இல் பண முடை நேர்ந்தபோது, தம்முடைய கடையிலேயே மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டுகளைக் கூலியாகக் கொடுத்தார். பலருடைய கூலியைச் சேர்த்து ஒரு பெரிய காசாகக் கொடுத்துவிட்டு, அவர்கள் சாராயக் கடையில் சில்லறை மாற்றிக்கொள்ளும்படி விடுவதும் உண்டு. அந்த மாற்றத்துக்கு விலையாகக் கொஞ்சம் குடிக்கவும் வேண்டியிருந்தது. பீட்டர் மத்தியாஸ் 1962இல் எழுதிய நூல், டோக்கன்களின் மீதுள்ள பாலங்களையும் உலைகளையும் நெசவுத்தறிகளையும் தொழிற்புரட்சியின் சித்திரப் புத்தகமாகவே படிக்கலாம் என்று காட்டியது.

ஆலைதான் டோக்கனைப் பெற்றது என்ற இக்கொள்கை வில்லியம்ஸுக்கும் வில்க்கின்சனுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. அவர்களுக்குப் பின் வந்தவர்களைப் பார்த்தால் தடுமாறுகிறது. டோக்கன் வெளியிட்டவர்களில் ஆலை முதலாளிகளைவிடத் துணிக்கடைக்காரரும் மளிகைக்காரரும் மிகப் பலர். அவர்களுக்குக் கூலி கொடுப்பதைவிட வாடிக்கைக்காரருக்கு மீதிச் சில்லறை கொடுப்பதும், பெயரை விளம்பரப்படுத்துவதுமே நோக்கமாக இருந்திருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் டோக்கன்கள் ஆலையே இல்லாத காலத்தில் அதைவிடப் பரவலாகத் தோன்றின என்பதும் இதற்கு ஆட்சேபமாக நிற்கிறது. ஆலை, தேவையின் அளவைப் பெருக்கியது என்பதோடு இக்கொள்கையை நிறுத்திக்கொள்வது உசிதம்.

ஸ்பென்ஸருக்கும் ஜெவன்ஸுக்கும் நடந்த வாதம்

அரசின் கடமைகளைக் குறுக்கவேண்டும் என்று கருதிய ஹெர்பர்ட் ஸ்பென்ஸர், 1851இல் வெளியான தம் நூலில், தேயிலையின் தரத்துக்கு மளிகைக்காரனையும் ரொட்டியின் எடைக்கு ரொட்டிக்காரனையும் நம்பும் மக்கள், ஷில்லிங்குக்கும் பவுனுக்கும் பர்மிங்ஹாம் தொழிலதிபரை ஏன் நம்பக்கூடாது என்று வினவினார். ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நாணயசாலையில் பணிபுரிந்த அநுபவமுள்ள ஸ்டான்லி ஜெவன்ஸ் 1875இல் அதற்கு விடையளித்தார். ரொட்டியை வாங்குபவன் தானே தின்பதற்கு வாங்குகிறான். காசை வாங்குபவனோ பிறனிடம் தள்ளுவதற்கே வாங்குகிறான். ஆகையால் நல்லதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கெட்டதையே கைமாற்றுகிறான். போட்டி ரொட்டியை உயர்த்துவதுபோலக் காசை உயர்த்தாமல் தாழ்த்திவிடும் என்பது அவருடைய வாதம். கெட்ட காசு நல்ல காசை விரட்டும் என்ற கிரெஷாமின் விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது.

இருப்பினும் இவ்வாதத்துக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நல்லதும் கெட்டதும் ஒரே மதிப்புக்குச் செல்லவேண்டும் என்று சட்டமோ வழக்கமோ நிர்ப்பந்தித்தால்தான் கெட்டது வெல்லும். டோக்கனை வாங்கும்படி யாரையும் சட்டம் நிர்ப்பந்திக்கவில்லை. அறியாத பெயருள்ள காசைக் கடைக்காரன் மறுக்கலாம், அல்லது வட்டம் பிடித்துக்கொண்டு வாங்கலாம். அப்படியானால் கிரெஷாமின் விதி இங்கே தலைகீழாக வேலை செய்திருக்கலாம். ஆனால் மறுக்கும் சுதந்திரம் கடைக்காரனுக்கு இருந்த அளவு கூலிக்காரனுக்கும் இருந்ததா என்று ஸ்பென்ஸர் கேட்கவில்லை. ஜெவன்ஸ் மனிதனின் தந்திரத்தைக் கண்டார்; அந்தத் தந்திரத்தைக் கையாள முடியாதவர்களை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை.

யந்திரமா, வாக்கா?

அண்மைக் காலத்தில் இவ்விவாதம் மிகுந்த கூர்மையோடு மீண்டும் எழுந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ஹயெக் 1976இல் நாணயத்தை அரசிடமிருந்து விடுவிக்கவேண்டும் என்று எழுதியது அதற்கு ஒரு தூண்டுதல். 1990இல் ஆஞ்செலா ரெடிஷ், முகமதிப்பைவிடக் குறைந்த உலோகமதிப்புள்ள சில்லறையைக் கள்ளர் கை படாமல் காப்பது போல்ட்டனின் நீராவி அச்சு யந்திரத்துக்குப் பிறகே சாத்தியமாயிற்று, பொன்னை அடிப்படையாகக் கொண்ட பிற்கால நாணய முறைக்கும் அதுவே வழிசெய்தது என்று வாதித்தார். ஸார்ஜென்ட், வெல்டே என்ற இருவர் 2002இல் வெளியிட்ட நூல், ஐரோப்பா பல நூற்றாண்டுகளாகத் தீர்க்கமுடியாமல் தவித்த சில்லறைப் பிரச்சினைக்குச் சித்தாந்தமும் யந்திரமும் சேர்ந்தே முடிவு கண்டன என்றது. சில்லறையை அடையாள மதிப்புக்கு அடித்து, அளவை வரையறுத்து, கேட்டபோது உயர்ந்த காசாக மாற்றிக் கொடுக்கவேண்டும் என்பதே அச்சித்தாந்தம்.

2008இல் ஜார்ஜ் ஸெல்ஜின் எழுதிய நூல் யந்திரக் கொள்கையை நேருக்குநேர் மறுத்தது. பர்மிங்ஹாம் பொத்தான் தொழிலாளர் மிகப் பெரும்பாலான டோக்கன்களைக் கையால் சுழற்றும் திருகு அச்சுகளில்தான் அடித்தார்கள். போல்ட்டனுடைய ஸோஹோ ஆலையில் நீராவி அச்சு ஓடியதற்கு முன்பே துரூயிதுப் பென்னி புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே சிறப்பு யந்திரத்தில் இல்லை. ஜான் கிரெகரி ஹான்காக் போன்ற சித்திர வேலைக்காரர்களின் நுண்மையிலும், விளிம்பெழுத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாக்கிலும் இருந்தது என்பது அவர் துணிபு. தன் பெயரில் வந்த கள்ளக் காசுக்கும் தானே பொன் கொடுக்க நேரும் என்று அஞ்சும் வியாபாரி தன் காசை அடிக்கடி சோதிப்பான். எந்தக் காசையும் திரும்ப வாங்காத நாணயசாலைக்கு அந்த அச்சமே இல்லை.

இவ்விரு தரப்பில், டோக்கன் காலத்தைப் பொறுத்தவரை ஸெல்ஜினின் பக்கமே பலமானது என்று கருதுகிறேன். போல்ட்டனின் யந்திரக் காசுகளையே பிற்காலத்தில் பர்மிங்ஹாம் கள்ளர்கள் போலி செய்தார்கள் என்ற செய்தி ஒன்றே யந்திரம் வேலியாகாது என்பதற்குப் போதுமான பிரமாணம். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும் தமிழர்க்கு இக்கொள்கை புதிதாகத் தோன்றாது.

ஆனாலும் வாக்கு எல்லாக் காசிலும் ஒரே தரத்ததாக இருக்கவில்லை. விளிம்பில் ‘லண்டனில் கொடுக்கப்படும்’ என்று மட்டும் எழுதி, லண்டனில் எந்தத் தெரு, எந்தக் கடை என்று சொல்லாத காசுகள் பல. யாரோ ஒருவர் பெயரில் அவர் அறியாமலே அடிக்கப்பட்ட காசுகளும் உண்டு. முதல் ஆண்டுகளில் ராத்தலுக்கு 32, 36 என்று நின்ற அரைப் பென்னிகளின் எடையும் பின்னர் வெளியிட்டவர்களிடம் கணிசமாகக் குறைந்தது. ஸெல்ஜின் இவற்றை அறியாதவரல்லர். ஆனால் சிறந்த டோக்கன்களைத் தனியார் நாணயத்தின் இயல்பாகவும், இழிந்தவற்றை விதிவிலக்காகவும் அவர் கொள்வதாகத் தோன்றுகிறது. 1787க்கும் 1797க்கும் இடையே எடை இறங்கிய வரிசையைப் பார்ப்பவருக்கு, எது விதி, எது விலக்கு என்று அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது.

பின்வாங்கிய விதம்

1797இல், பாங்க் ஆப் இங்கிலாந்து தன் நோட்டுகளுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்திய அந்த நெருக்கடியான ஆண்டில், அரசாங்கம் போல்ட்டனிடமே செப்புக் காசு அடிக்கும் ஒப்பந்தத்தை ஒப்படைத்தது. அகன்ற விளிம்பும் ஓர் அவுன்ஸ் எடையும் கொண்ட பென்னிகளையும், இரண்டு அவுன்ஸ் எடையுள்ள இரட்டைப் பென்னிகளையும் மக்கள் வண்டிச் சக்கரம் என்று அழைத்தார்கள். பென்னியில் ஒரு பென்னிக்கு உரிய செம்பே அடங்கியிருக்கவேண்டும் என்பது அவற்றின் தத்துவம். திரும்ப வாங்கும் வாக்கு அவற்றில் இல்லை. செம்பின் விலை ஏறியவுடன் அந்தத் தத்துவம் நிலைகுலைந்தது. 1799இல் ராத்தலுக்குப் பதினெட்டுப் பென்னி வீதத்திலும், 1806இல் இருபத்துநாலு வீதத்திலும் எடையைக் குறைக்க நேர்ந்தது. ஆகவே டோக்கனை வென்றது சிறந்த காசு என்பதைவிட, செம்பு விலையேற்றமும் அரசின் ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன என்பதே பொருத்தம். 1811, 1812ஆம் ஆண்டுகளில் சில்லறை மீண்டும் அருகியபோது டோக்கன்கள் மீண்டும் தலையெடுத்தன. 1817ஆம் ஆண்டின் சட்டம்தான் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்போதும் ஷெபீல்டு, பர்மிங்ஹாம் ஏழையர் விடுதிகள் வெளியிட்ட காசுகளுக்குச் சில ஆண்டுத் தவணை அளிக்கவேண்டியிருந்தது.

டோக்கனும் அரசாங்கக் காசும் அடித்த அதே ஸோஹோ ஆலையில்தான் 1803இலும் 1808இலும் சென்னை ராஜதானிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் பாரசீக எழுத்தும் தாங்கிய 20 காசு, 10 காசு நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதியை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையை விட்டு அகலுமுன் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. வேல்ஸ் சுரங்கக்காரரின் பென்னியிலிருந்து தமிழ்நாட்டுச் சந்தையின் செப்புக் காசு வரை ஒரே தொழிற்கலை நீண்டிருக்கிறது. ஆனால் சென்னைக்கு வந்த காசில் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாக்கு எந்த விளிம்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எஞ்சி நிற்பவை

டோக்கன்கள் தோன்றியதற்குச் சில்லறைப் பஞ்சமும், செம்பின் தேக்கமும், கள்ளக் காசின் வெறுப்பும் சேர்ந்தே காரணம் என்பதில் இப்போது பெரிய அபிப்பிராயபேதம் இல்லை. அவை நம்பப்பட்டதற்கு வாக்கு முக்கியம் என்பதும் பெரும்பாலும் நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்த வாக்கு எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது என்பது வேறு விஷயம். வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்கள் காசு வெளியே போனதைச் சொல்லும் அளவுக்குத் திரும்பி வந்ததைச் சொல்வதில்லை. கூலிப் பேரேடுகள் எத்தனை ஷில்லிங் கொடுக்கப்பட்டது என்று எழுதுகின்றன. எந்தக் காசில் என்று எழுதுவது அரிது. பொன்னையும் வெள்ளியையும் போலச் செப்பை யாரும் பூமியில் புதைத்து வைப்பதில்லை ஆதலால், புதையல்களிலிருந்து புழக்கத்தை ஊகிக்கும் வழியும் குறுகியது.

எஞ்சியிருக்கும் ஒரு சாட்சி காசுகளின் தேய்மானம். சேகரிப்பாளர் விரும்பி வைத்தவை அச்சிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருக்கின்றன. அவற்றால் நம் வினாவுக்கு உதவியில்லை. அவர்கள் மதியாமல் ஒதுக்கிய, துரூயிதின் முக்காடு மழுங்கி விளிம்பின் எழுத்து பாதி அழிந்த பென்னிகளே பல கைகளில் ஏறி இறங்கியவை. எந்த ஊர்க் காசு எவ்வளவு தேய்ந்தது, எது எவ்வளவு தூரம் பயணம் செய்தது, இலேசான காசு கனமான காசைவிட விரைவில் கைமாறியதா என்ற கேள்விகளுக்கு அத்தேய்ந்த செம்பே பதில் சொல்லவேண்டும். ஜெவன்ஸ் கூறிய விதி இங்கே பலித்ததா, ஸ்பென்ஸர் எதிர்பார்த்த போட்டி பலித்ததா என்பதும் அதைப் பொறுத்தே முடிவாகும்.